கை கழுவச் சொன்ன டாக்டருக்கு என்ன ஆச்சு? என்ஐசியு ஊழியர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய செம்மல்வைஸ் கதை

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் (என்ஐசியு) யார் போனாலும் முதல்ல கை கழுவணும். டாக்டர், நர்ஸ், பெத்த அம்மா என யாருக்கும் விதிவிலக்கு இல்லை. இந்த விதிக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை ஊழியரின் மரணமும், ஒரு டாக்டரின் உடைந்த வாழ்க்கையும் இருக்கிறது.

யார் இந்த செம்மல்வைஸ்?

இக்னாஸ் செம்மல்வைஸ் 1818-ல் ஹங்கேரியின் புடா நகரில் பிறந்தவர். 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி டாக்டரானார். அங்கே இரண்டு வார்டுகள். டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த முதல் வார்டில் 100 தாய்மார்களில் சுமார் 10 பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாவது வார்டில் 4 பேருக்கும் குறைவு. ஏன் இந்த வித்தியாசம்னு யாருக்கும் புரியலை.

விடை எப்படிக் கிடைத்தது?

1847 மார்ச்சில் அவருடைய நண்பர், பேராசிரியர் யாக்கோப் கோலெட்ச்கா இறந்தார். போஸ்ட்மார்ட்டத்தின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களிடமும் பச்சிளம் குழந்தைகளிடமும் கண்ட அதே பாதிப்புகள் அவர் உடலிலும் இருந்தன.

செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. பிணவறையில் இருந்து நேரா பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களின் கைதான் நோயைச் சுமந்து வருது! மே மாதம் முதல் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் 2 சதவீதம் ஆனது.

அப்புறம் ஏன் ஏற்கவில்லை?

கிருமிகள் பற்றித் தெரியாத காலம் அது. தங்கள் கையாலேயே நோயாளி இறந்தார் என்பதை ஏற்க பலருக்கு மனசு வரலை. 1849-ல் செம்மல்வைஸின் பணி நீட்டிக்கப்படவில்லை.

ஏற்றுக்கொண்டவர்களுக்கும் நிம்மதி இல்லை. இன்றைய ஜெர்மனியின் கீல் நகர டாக்டர் குஸ்டாவ் மிஹாயெலிஸ், தான் பிரசவம் பார்த்த உறவுப் பெண்ணின் மரணத்துக்குத் தானே காரணம் என்ற குற்ற உணர்ச்சியில் 1848-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

செம்மல்வைஸ் பெஸ்ட் நகரில் வேலை பார்த்து, 1861-ல் தன் ஆய்வைப் புத்தகமாக்கினார். எதிர்த்தவர்களைப் பகிரங்கக் கடிதங்களில் கடுமையாகச் சாடினார். மனநிலை குலைந்தது. 1865 ஜூலையில் வியன்னா மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, காயத்தில் ஏற்பட்ட தொற்றால் இறந்தார். வயது 47. காப்பகக் காவலர்கள் அடித்ததில் வந்த காயம் அது என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரின் கருத்து.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஊழியருக்குப் பட்ட ஒரு காயம்தான் தாய்மார்களைக் காப்பாற்றும் வழியைக் காட்டியது. அதனால் ஊசி குத்தினால் திட்டு விழுமோ என்ற பயமில்லாமல் ஒரு நர்ஸ் உடனே சொல்ல முடியணும். ஒரே ஆள் பல குழந்தைகளுக்கு நடுவே நைட் ஷிஃப்டில் ஓடினால், விதி சுவரில் ஒட்டியிருந்தும் கை கழுவ நேரம் இருக்காது. போதிய ஆட்களும், பக்கத்திலேயே தண்ணீர் குழாயும் வேணும். ஒரு குழந்தை இறந்த பிறகு, அந்தப் பாரத்தை அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் தனியாகச் சுமக்கக் கூடாது. மிஹாயெலிஸுக்குக் கிடைக்காதது அந்தத் துணைதான்.

*(மன உளைச்சலில் இருப்பவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்.)*