எண்களின் இயல்பை ஆய்ந்த சிவசங்கரநாராயண பிள்ளை

குற்றாலத்து அருவிகளை நாடித் தென்காசி வழியே செல்வோர் பலர். அவ்வருவிகளுக்கு அணித்தேயுள்ள வல்லம் என்னும் சிற்றூர், உலகம் மதித்த கணித அறிஞர் ஒருவரை ஈன்றதென்பதை அறிந்தார் சிலரே. அவ்வறிஞர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை ஆவர்.

1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்த இவர், ஓராண்டு நிரம்பிய அளவிலே அன்னையை இழந்தார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையாரும் காலமாயினார். அந்நிலையில் ஆசிரியர் ஒருவர் ஆதரவளித்தமையால் கல்வி இடையறாது தொடர்ந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர்த் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவிச் சம்பளம் பெற்று, பேராசிரியர் ஆனந்தராவ் அவர்களை அடுத்து ஆராய்ச்சி புரிந்தார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராய் அமர்ந்திருந்தார். அவர்தம் அரும்பெருஞ் சாதனை அங்கேயே நிகழ்ந்தது.

1770-இல் வாரிங் என்னும் ஆங்கிலக் கணிதர் ஒரு வினாவை எழுப்பினார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமல் கூட்டிப் பெறலாம். அவ்வாறே ஆறாம் அடுக்கு எண்களைக் கூட்டிப் பெறுவதாயின் எத்தனை வேண்டும்? 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. இனி 703 என்னும் எண்ணைக் காண்க. அது 729-இற் குறைந்ததாதலின், 64-ஐயும் 1-ஐயுமே கொள்ளல் வேண்டும். பத்து 64-கள் 640 ஆம், எஞ்சிய 63-க்கு 63 ஒன்றுகள், ஆக 73. இதுவரை பள்ளிச் சிறுவனும் காண்பான். ஆயின், எல்லையின்றி விரியும் எண்களுள் எதற்கும் 73-க்கு மேல் வேண்டாவென்று நிறுவுதல் எளிதோ? ஒவ்வொன்றாய்ச் சோதித்துத் தீர்க்கலாமெனின், எண்களுக்கு முடிவில்லை. 1940-இல் பிள்ளையவர்கள் அதனை ஐயந்திரிபற நிறுவினார்.

அடுத்தடுத்து வரும் எண்களின் இயல்பையும் அவர் ஆராய்ந்தார். இரண்டு முதல் பதினாறு வரை எத்தனை எண்களை வரிசையாய்க் கொண்டாலும், ஏனைய எவற்றோடும் 1 ஒழிந்த பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றேனும் அவற்றுள் நிற்கும் எனக் காட்டினார். எண்கள் பதினேழாயின் இவ்விதி பிழைபடும். 2184 முதல் 2200 வரையுள்ளவற்றை எடுத்துக்கொள்க. அவற்றுள் 2197 பதின்மூன்றின் கனமாதலின் தனித்து நிற்பதுபோல் தோன்றும். ஆனால் 2184-உம் பதின்மூன்றால் வகுபடும்.

1942-இல் பிள்ளையவர்கள் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணிதர் மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். அவர் ஏறிச் சென்ற விமானம் ஆகஸ்டு 31-ஆம் நாள் எகிப்து நாட்டில் வீழ்ந்தது. உள்ளிருந்த 55 பேருள் ஒருவரும் பிழைத்திலர். அப்போது அவருக்கு வயது 49.

இளமையில் பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனை, தக்க வேளையில் ஓர் ஆசிரியர் தாங்கினார். அதன் பயனை உலகம் பெற்றது. மாணவ நண்பர்காள், தாளும் எழுதுகோலும் கொண்டு அப்பதினேழு எண்களின் காரணிகளை நீவிரே கண்டு பாருங்கள். வல்லத்து அறிஞர் நடந்த வழி சிறிது புலனாகும்.