திருத்தணி தந்த அக்கிராசனர்

திருத்தணிகைக் குமரன் எழுந்தருளியிருக்கும் மலையின் அடிவாரத்து ஊரில், 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, தெலுங்கு பேசும் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் டாக்டர் ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அத்தினத்தை ஆசிரியர் தினமாக நாம் கொண்டாடுகிறோம். ஆயின், பத்தாண்டுக் காலம் இராஜ்ய சபையில் அக்கிராசனம் வகித்து அவர் ஆற்றிய ஊழியத்தை நம்மில் பெரும்பாலோர் மறந்து விட்டோம்.

சென்னை கிறிஸ்தவக் கலாசாலையில் தத்துவம் பயின்ற அப்பெரியார், ஆந்திர ஸர்வகலாசாலைக்கும் காசி ஸர்வகலாசாலைக்கும் துணைவேந்தராகவும், ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகவும், மாஸ்கோவில் நமது ஸ்தானீகராகவும் விளங்கினார். 1952-ல் போட்டியின்றி உப ஜனாதிபதியானார். அப்பதவியின் வழியே இராஜ்ய சபையின் அக்கிராசனமும் அவரை வந்தடைந்தது.

அச்சபையின் நிலை விசித்திரமானது. மந்திரி சபையைக் கவிழ்க்க அதற்கு அதிகாரமில்லை. பண மசோதாவை 14 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்கவும் இயலாது. அங்ஙனமாயின், சர்க்கார் இலாகாக்களை அது கட்டுக்குள் வைப்பது எவ்வாறு? முதற் கருவி கேள்வி. மந்திரி எழுந்து பதில் சொல்லியாக வேண்டும்; அதற்காக இலாகா தன் தஸ்தாவேஜுகளைப் புரட்டியாக வேண்டும். இரண்டாவது, கணக்குச் சோதனை. லோக் சபையின் 15 அங்கத்தினரை மட்டுமே கொண்டிருந்த பொதுக் கணக்குக் கமிட்டியில், இவர் காலத்தில், 1954 முதல் இராஜ்ய சபையினர் 7 பேரும் இடம் பெற்றனர். பார்லிமெண்டு அளித்த பணம் அளித்த காரியத்துக்கே செலவாயிற்றா என்று அதிகாரிகளை நேரில் அழைத்து வினவும் கமிட்டி அது.

இக்கருவிகள் மழுங்காமல் காக்க, பட்சபாதமற்ற அக்கிராசனர் வேண்டும். எக்கட்சியையும் சாராத ராதாகிருஷ்ணன் அப்பணிக்கு ஏற்றவரானார். சினம் மூண்ட சமயங்களில் நகைச்சுவையால் சபையைத் தணித்தார். 1959-ல் அவர் பிறந்த திருத்தணியை ஆந்திரத்திலிருந்து சென்னை இராஜ்யத்துக்கு மாற்றும் எல்லை மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது. வோட்டுகள் சரிசமமானாலன்றி அக்கிராசனருக்கு வோட்டு இல்லை. சொந்த ஊரின் விஷயத்திலும் விதி அதுவே. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி நம்முடன் இணைந்தது.

1962-ல் ஜனாதிபதியான பின்னரும் அவர் கண் மூடியிருக்கவில்லை. 1967-ஆம் ஆண்டுக் குடியரசு தினச் செய்தியில், நிர்வாகத்தின் திறமையின்மையையும் நாட்டின் செல்வம் சீர்கேடாய்க் கையாளப்படுவதையும் வெளிப்படையாகவே கண்டித்தார். 1975 ஏப்ரல் 17-ந் தேதி சென்னையில் காலமானார்.

கேட்பவர் உள்ளவரையில்தான் கணக்குச் சொல்பவர் விழிப்புடன் இருப்பார். கேள்வி நேரம் கூச்சலில் கரையும் நாளெல்லாம் இலாகாக்களுக்கு விடுமுறை நாளே. செப்டம்பர் 5-ந் தேதி அப்பெரியாரின் படத்துக்கு மாலையிடும் சட்டசபை அங்கத்தினர்கள், மறுநாள் ஒரு நல்ல கேள்வியுடன் சபைக்குச் செல்வார்களாக.