சொந்தத் தொகுதியிலேயே தோற்ற முதல்வர்: ராஜபாளையம் குமாரசாமி ராஜாவும் 1952-ன் ‘யாருக்கு ஆட்சி’ சண்டையும்

ராஜபாளையத்தில் பி.எஸ்.கே. என்றால் பார்க் ஞாபகம் வரும், நகர் ஞாபகம் வரும். சென்னையில் ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் போனால் பி.எஸ்.கே.ஆர். சாலை என்று ஒரு போர்டு இருக்கும். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. பூசபாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. இந்தியா குடியரசானபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் இவர்தான். அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில், முதல்வர் பதவியில் இருந்துகொண்டே, வீட்டுக்குப் பக்கத்துத் தொகுதியான ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றவரும் இவர்தான்.

பதவியில் இருக்கும் முதல்வர் தோற்பது இங்கே அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. 1967-ல் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம், 1996-ல் பர்கூரில் ஜெயலலிதா. அந்த வரிசையில் முதல் பெயர் குமாரசாமி ராஜா. அவர் தோற்றதோடு விஷயம் முடியவில்லை. யார் ஆட்சி அமைப்பது என்று அப்போது தொடங்கிய தகராறு, இன்றைக்கும் தொங்கு சட்டசபை வரும்போதெல்லாம் டிவி விவாதத்தில் திரும்ப வருகிறது.

பேரில் மட்டும்தான் ராஜா

பேரைப் பார்த்து அரண்மனைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பல தலைமுறைகளுக்கு முன் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய, தெலுங்கு பேசும் ராஜுக்கள் சமூகம் ராஜபாளையத்தில் பெரிது. ஊர் பேரே அவர்களால் வந்தது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1898 ஜூலை 8-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து உறவினர்கள் கையில் வளர்ந்தார்.

காந்தி, சத்தியமூர்த்தி என்று அந்தக் காலத்து இளைஞர்களை இழுத்த காற்றுதான் இவரையும் இழுத்தது. காங்கிரஸ், கதர், சிறை. 1934-ல் டெல்லி மத்திய சட்டசபைக்கு மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து தேர்வானார். விருதுநகரும் ராஜபாளையமும் அப்போது ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அதனால் காமராஜரோடு அரசியல் நெருக்கம் ஏற்பட்டது. பின்னால் அதுதான் இவரைக் கோட்டைக்குக் கொண்டுபோனது.

1949: கட்சிக்குள் நடந்த கவிழ்ப்பு

1940-களின் சென்னை காங்கிரஸ் ஒரு கட்சி என்பதைவிட, பல கோஷ்டிகள் தங்கியிருந்த சத்திரம் என்றால் சரியாக இருக்கும். ராஜாஜி பக்கம் ஒரு கூட்டம், காமராஜர் பக்கம் ஒரு கூட்டம், ஆந்திரத் தலைவர்களுக்குள் பிரகாசம் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். 1946-ல் பிரகாசம் வந்தார், அடுத்த வருஷமே இறக்கப்பட்டார். 1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். யாருக்கும் வளைந்து கொடுக்காதவர். கட்சிக்காரர்களுக்கு அது ஒத்துவரவில்லை, அவரும் போக வேண்டியதாயிற்று. 1949 ஏப்ரல் 6-ல், காமராஜர் தரப்பின் ஆதரவோடு குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார்.

அப்போது அந்தப் பதவிக்கு மாகாணப் பிரதமர் என்று பெயர். 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் அதே நாற்காலி முதலமைச்சர் நாற்காலி ஆனது. இன்றைய தமிழ்நாடு மட்டுமில்லை, கடலோர ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த மாநிலம் அது. நாலு மொழி, நாலு விதமான கோபம்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது

முதலாவது, சோறு. வருஷக்கணக்கில் மழை பொய்த்தது. ரேஷனில் அரிசி குறைந்தது. இன்னொரு பக்கம் விவசாயியிடமிருந்து அரசு நெல்லைக் கட்டாயக் கொள்முதல் செய்தது. வாங்குகிறவனுக்கும் கோபம், விற்கிறவனுக்கும் கோபம். இதை வைத்துக்கொண்டு எந்த அரசும் தேர்தலில் சிரித்த முகத்தோடு நிற்க முடியாது.

இரண்டாவது, எதிர்க்கட்சிகளை அந்த அரசு நடத்திய விதம். இதைப் பூசி மெழுக முடியாது. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது, ஆயிரக்கணக்கில் கைது நடந்தது. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு, 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அறையில் அடைத்து வைத்திருந்தவர்களைச் சுட்ட அரசு என்ற பேர் ராஜாவின் ஆட்சியோடு ஒட்டிக்கொண்டது. அண்ணாவின் ‘ஆரிய மாயை’ புத்தகத்துக்குத் தடை போட்டதும் அந்தக் காலத்தில்தான்.

நீதிமன்றங்களும் சும்மா இருக்கவில்லை. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று சென்னை அரசு தடுத்தது. 1950 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை ரத்து செய்தது. பேச்சுரிமை பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் முதலில் தொடும் ரொமேஷ் தாப்பர் வழக்கு இதுதான். சங்கம் வைக்கும் உரிமை பற்றிய வி.ஜி.ராவ் வழக்கிலும் சென்னை அரசுதான் தோற்றது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த நாள் 1952 மார்ச் 31. ராஜா அப்போது தேர்தலில் தோற்று, மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு வழக்கிலும் அரசு தோற்றது, ஆனால் அதன் கதை வேறு. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட, ராஜாவின் அரசு அந்த ஆணையைக் காப்பாற்ற சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1951 ஏப்ரல் 9-ல் ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். இரண்டு மாதத்தில், 1951 ஜூனில், அரசியலமைப்பே முதல்முறையாகத் திருத்தப்பட்டது. இன்று கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டுக்கு அடித்தளமான 15(4) அப்போது வந்ததுதான். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரியாரைச் சொல்வார்கள், நேருவைச் சொல்வார்கள். வழக்கை நடத்திய மாநில அரசின் முதல்வர் பேரை மறந்துவிடுவார்கள்.

ஜனவரி 1952: ஆளுக்கொரு பெட்டி

அதுவரை சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்பது அந்தத் தேர்தலில்தான் வந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருக்கும், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். முத்திரை குத்தும் வேலையெல்லாம் இல்லை.

முடிவு காங்கிரசுக்கு இடி மாதிரி இறங்கியது. 375 இடங்களில் 152. பெரும்பான்மைக்கு 188 வேண்டும், 36 குறைவு. கம்யூனிஸ்டுகளுக்கு 62, பிரகாசம் இருந்த கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35, ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19, சுயேச்சைகளுக்கு 62. தி.மு.க. நேரடியாகப் போட்டியிடவில்லை, காங்கிரசை எதிர்த்த சிலருக்கு ஆதரவு கொடுத்தது. சிறையில் இருந்தே ஜெயித்தவர்களும் உண்டு. அனந்தப்பூரில் நாகி ரெட்டி சிறையிலிருந்து நின்று தன் மைத்துனர் சஞ்சீவ ரெட்டியையே தோற்கடித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனாரே, அதே சஞ்சீவ ரெட்டி.

முதல்வர் ராஜா, பக்தவத்சலம், கோபால ரெட்டி என்று அமைச்சரவையின் பெரிய தலைகள் வரிசையாகச் சாய்ந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் தோல்வி இன்னும் வலித்திருக்கும். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேர ஊர். அரசு முத்திரையில் இருப்பது அந்த ஊர்க் கோபுரம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், அந்த முத்திரை போட்ட தாள்களில் மூன்று வருஷமாகக் கையெழுத்துப் போட்டவர் இவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் ஜெயித்தார். அவர் காமராஜர். காங்கிரஸ் என்றாலே வேண்டாம் என்று அந்த வட்டாரம் ஒட்டுமொத்தமாக முடிவு எடுத்துவிடவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

தோற்றவர் முதல்வராகத் தொடர முடியுமா?

முடியும். அரசியலமைப்பின் 164(4) பிரிவின்படி சட்டசபை உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம். அதற்குள் இடைத்தேர்தலில் ஜெயிக்கலாம், அல்லது மேலவைக்குள் போகலாம். ராஜா அந்த வழியில் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை. புது அரசு அமையும் வரை, ஏப்ரல் 10 வரை, நிர்வாகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

சாதாரண விஷயம்தானே என்று தோன்றும். உலகம் முழுக்க அப்படி இல்லை. காம்பியாவில் 2016 டிசம்பரில் யாஹ்யா ஜமே தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினார். பக்கத்து நாடுகளின் படை எல்லை தாண்டிய பிறகுதான் நாட்டை விட்டுப் போனார். மலாவியில் 2019 தேர்தலின் முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். எதிர்க்கட்சிகள் மாதக்கணக்கில் தெருவிலும் கோர்ட்டிலும் போராடி, 2020 பிப்ரவரியில் தேர்தலே ரத்தானது. ஜூனில் மறுதேர்தல் நடந்து எதிர்க்கட்சி ஜெயித்தது.

சென்னையில் ஓட்டு எண்ணிக்கையில் அந்த மாதிரிப் பிரச்னை இல்லை. எண்ணி முடித்த பிறகுதான் பிரச்னையே.

166-க்கும் 152-க்கும் நடுவில் ராஜாஜி

காங்கிரஸ் அல்லாத கட்சிகள் ஒன்று சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்தன. பிரகாசம் தலைவர். 166 பேர் ஆதரவு இருப்பதாகச் சொல்லி, தன்னை அழைக்கும்படி ஆளுநர் ஸ்ரீபிரகாசாவிடம் உரிமை கோரினார். கம்யூனிஸ்டுகள் பங்குபெறும் அரசு வந்துவிடும் என்ற பயம் காங்கிரசுக்கு. ராஜாவும் இல்லை, மூத்த அமைச்சர்களும் இல்லை. யாரை நிறுத்துவது? ஓய்வில் இருந்த 73 வயது ராஜாஜியைப் பிடித்தார்கள்.

ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. இடைத்தேர்தலிலும் நிற்கத் தயாராக இல்லை. அதனால் ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை போன்ற துறைக்காரர்களுக்கென்று 171(5) பிரிவில் வைத்த வழி அது. அந்த வழியாக ஒரு முதல்வரைக் கொண்டுவருவார்கள் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தேர்தலுக்குப் பிறகு சேர்ந்த கூட்டணியைவிடத் தனிப்பெரும் கட்சிக்கே முதல் வாய்ப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. ஏப்ரல் 10-ல் ராஜாஜி பதவியேற்றார்.

கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். நியமனமும் அழைப்பும் செல்லாது என்பது அவர் வாதம். மனு தள்ளுபடி ஆனது. ஆறு எம்.எல்.ஏ.க்கள் வைத்திருந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். சுயேச்சைகளும் சில சின்னக் கட்சிகளும் கை கொடுக்க, 1952 ஜூலை 3 நம்பிக்கை ஓட்டெடுப்பில் ராஜாஜிக்கு 200, எதிராக 151. ஏப்ரலில் 166 இருந்ததாகச் சொன்ன அணி ஜூலையில் சபைக்குள் 151-ஆக நின்றது. நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதை இந்தக் காலத்து ரிசார்ட் அரசியல் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2018-ல் கர்நாடகத்தில் 104 எம்.எல்.ஏ.க்களோடு எடியூரப்பாவை ஆளுநர் அழைத்தபோதும் கேள்வி இதுதான்: பெரிய கட்சியா, பெரிய கூட்டணியா? அங்கே உடனே ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது, ஓட்டெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமா செய்தார். ராஜாஜிக்குக் கிடைத்ததோ கிட்டத்தட்ட மூன்று மாதம். இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

1954-ல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானார். அவர் மேலவை வழியை எடுக்கவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துச் சபைக்குள் வந்தார்.

புவனேஸ்வரம், பிறகு வீடு

குமாரசாமி ராஜாவை டெல்லி மறக்கவில்லை. 1954 பிப்ரவரியில் ஒரிசாவின் ஆளுநராக அனுப்பியது. 1952-ல் அங்கேயும் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 140-ல் 67 இடம்தான். ஆளுநர் மாளிகை என்றால் ஓய்வு என்று நினைத்திருந்தால் அதுவும் நடக்கவில்லை. மாநில எல்லைகளைத் திருத்தி எழுதும் வேலை தொடங்கி, சராய்கேலா, கர்சவான் பகுதிகள் ஒரிசாவுக்கு இல்லை என்றதும் 1956 தொடக்கத்தில் கட்டக், புரி நகரங்களில் கலவரம் வெடித்தது. அந்த வருஷம் செப்டம்பரில் அவர் பதவியை விட்டு ஊர் திரும்பினார்.

ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டைப் பொதுமக்களுக்கே எழுதிக் கொடுத்தார். காந்தி கலை மன்றம் என்று ஊரில் இப்போதும் அதைச் சொல்கிறார்கள். 1957 மார்ச்சில், இரண்டாவது பொதுத்தேர்தலில் தமிழகம் ஓட்டுப் போட்ட அதே மாதத்தில், அவர் இறந்தார். வயது 58. அந்தத் தேர்தலில் காமராஜரின் காங்கிரஸ் 205-ல் 151 இடங்களை வாங்கியது. ஆளுநரிடம் யாரும் போய் வரிசையில் நிற்க வேண்டிய வேலை இருக்கவில்லை.

சென்னையில் அவர் பேர் தாங்கிய சாலையில் இப்போது இருப்பது, நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி. அவர் அரசு கோர்ட்டில் தோற்ற வழக்குகள்தான் அங்கே பாடம்.