அறிஞர் லாசரோ ஸ்பலன்சானி



பல்லி தன் வாலைத் துண்டித்துவிட்டு ஓடுவதையும், பின்னர் அதற்குப் புதுவால் முளைப்பதையும் நாம் அனைவரும் அறிவோம். ஆயின், பல்லி காலை இழந்தால் இழந்ததுதான். வாலை மட்டுமன்றிக் காலையும் எலும்போடும் விரல்களோடும் மீண்டும் வளர்த்துக்கொள்ளும் உயிர் ஒன்று உண்டு. அதன் பெயர் சாலமாண்டர். தோற்றத்தில் பல்லியை ஒத்திருப்பினும், அது தவளைக்கு உறவான நீர்நில வாழ்வி. குளிர்நாடுகளில் மிகுதியாக வாழும் அவ்வுயிரின் ஆற்றலை உலகறியச் செய்தவரே ஸ்பலன்சானி ஆவார்.

அவர் 1729ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் வட இத்தாலியில் உள்ள ஸ்கண்டியானோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மகனும் சட்டம் பயிலப் பொலோனா நகரப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவருடைய உறவினரான லாரா பாசி என்னும் அம்மையார் இயற்பியல் கற்பித்து வந்தார். 1732ஆம் ஆண்டிலேயே பேராசிரியர் பதவி பெற்ற பெண்மணி அவர். அவரது தொடர்பால் இளைஞரின் உள்ளம் இயற்கையின்பால் திரும்பியது. தந்தையாரும் இசைவு தந்தார். சட்டத்தை விடுத்த ஸ்பலன்சானி, பின்னர்ச் சமயக் குருவாகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1769ஆம் ஆண்டு முதல் இறக்கும்வரை பாவியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

பிறர் கூறியதை ஆராயாமல் ஏற்பது அவர் இயல்பன்று. கெட்டுப்போன சாற்றில் நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். அவரோ குப்பிகளைக் காற்றுப் புகாவண்ணம் மூடி, நெடுநேரம் கொதிக்க வைத்து, அவற்றில் உயிர் எதுவும் தோன்றாமையை 1765ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்.

1768ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலில், சாலமாண்டர் காலையும் வாலையும் மீண்டும் வளர்ப்பதையும், தலைப்பிரட்டை வாலை வளர்ப்பதையும் அவர் விளக்கினார். ஒருமுறை கண்டதோடு அவர் அமையவில்லை. மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்தார்.

இவ்வளர்ச்சி நிகழும் முறையை இன்று நாம் அறிவோம். முதலில் தோல் விரைந்து புண்ணை மூடுகிறது. அதன் அடியில் உயிரணுக்கள் திரண்டு சிறு மொட்டாகின்றன. அம்மொட்டிலிருந்தே எலும்பும் தசையும் விரல்களும் உருவாகின்றன. முழங்காலுக்குக் கீழே இழந்திருந்தால் அப்பகுதி மட்டுமே வளரும். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தவளையோ தலைப்பிரட்டைப் பருவத்தில் இவ்வாற்றலைப் பெற்றிருந்து, வளர வளர அதனை இழந்துவிடுகிறது.

இந்தியாவிலும் இத்துறையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடி அம்மையாரும் உடன் பணியாற்றியோரும் வால் வெட்டப்பட்ட தலைப்பிரட்டைகளுக்கு 'ஏ' உயிர்ச்சத்தைக் கொடுத்தனர். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன! இச்செய்தி 1992ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பெரியோருக்கு இது முற்றிலும் புதிதன்று. கத்தி அளவோடு பட்டால் மரம் புதுப்பட்டையை வளர்க்கும். கட்டையில் ஆழப் பதிந்தால் வடுவே எஞ்சும். மனிதருக்கும் புண் ஆறும். ஆனால் போன கால் வருவதில்லை. நீரிழிவால் காலை இழந்து ஊன்றுகோலுடன் நடக்கும் பெரியோரை நாம் காண்கிறோம். மனிதருக்கு ஏன் இவ்வாற்றல் இல்லை என்பதை அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவருள் ஒருவர், குளத்து உயிர்களைப் பொறுமையோடு நோக்கிய இவ்வாசிரியரே.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. பார்வையற்ற வௌவாலும் இருளில் முட்டாமல் பறப்பதை ஆராய்ந்தார். 1799ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், தம் எழுபதாம் வயதில் இயற்கை எய்தினார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கால்வாய் ஓரம் அமர்ந்து தலைப்பிரட்டையை நோக்கினால், வீண்வேலை என்று கடிந்துகொள்ளாதீர். அன்று அத்தந்தையார் மறுத்திருந்தால் உலகம் ஓர் அறிஞரை இழந்திருக்கும். மாணவர்களே! எவ்வுயிரையும் வெட்டித் துன்புறுத்த வேண்டா. உற்று நோக்குங்கள், கண்டதை நாள்தோறும் ஏட்டில் எழுதுங்கள், ஐயம் எழுந்தால் ஆசிரியரை அணுகிக் கேளுங்கள். அறிவு அங்கேயே அரும்புகிறது.