தந்தையே உபாத்தியாயர்

பள்ளிக்கூட வாயிற்படியை மிதியாமலே வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராஜீய சிந்தனையைத் தம் பேனாவினால் ஆண்டவர் ஒருவர் உண்டு. அவர் ஜான் ஸ்டூவர்ட் மில். சுதந்திரத்தைப் பற்றி 1859-ல் அவர் வெளியிட்ட சிறு நூலை நம் தேசத்தில் ஆங்கிலம் கற்றோர் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்திருக்கின்றனர். ஆனால் அதை எழுதியவர் எவ்விதம் கல்வி பெற்றார் என்பதைக் கவனித்தவர் சிலரே. தம் மக்களுக்குத் தாமே வீட்டில் கல்வி புகட்ட எண்ணும் பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய சரித்திரம் அது.

அவருடைய தந்தை ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவரின் மகன். ஒரு கனவானின் உதவியால் எடின்பரோ சர்வகலாசாலையில் கற்றார். பாதிரி வேலைக்குத் தகுதி பெற்றும் அதில் நிலைக்கவில்லை. 1802-ல் லண்டன் சேர்ந்து, பத்திரிகைகளுக்கு எழுதி ஜீவனம் நடத்தினார். 1806 மே 20-ஆம் தேதி மூத்த மகன் பிறந்தபோது, உதவிய கனவானின் பெயரையே அவனுக்கு இட்டார். பின்னும் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. நிலையான வருமானமோ கிடையாது. அந்த 1806-ஆம் ஆண்டிலேயே அவர் இந்தியாவின் சரித்திரத்தை எழுதவும் தொடங்கினார். அவ்வேலை சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. மகனுடைய படிப்பும் அதே மேஜையில்தான் நடந்தது.

மூன்றாம் வயதில் கிரேக்க பாஷை ஆரம்பமாயிற்று. தந்தை சீட்டுகளில் கிரேக்கப் பதங்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் எழுதிக் கொடுப்பார். பிள்ளை மனப்பாடம் செய்வான். அக்காலத்துக் கிரேக்க அகராதிகள் லத்தீனில் பொருள் கூறுவன. லத்தீனோ எட்டாம் வயதில்தான் தொடங்கப்பட்டது. ஆகவே தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் சிறுவன் தந்தையையே கேட்க வேண்டியிருந்தது. இயல்பிலே பொறுமை சிறிதும் இல்லாத அம்மனிதர், தம் பிழைப்புக்குரிய எழுத்தை நிறுத்திப் பதில் சொல்வார், மீண்டும் எழுதுவார், மறுபடி நிறுத்துவார். பிற்காலத்தில் தந்தையிடம் எத்தனையோ குறைகளைக் கண்ட மகன், இந்த ஒன்றை நினைத்து வியந்துகொண்டே இருந்தார். நமக்கும் வியப்பாகவே இருக்கிறது. பிள்ளைக்குப் பணம் செலவிடும் தந்தையர் பலர். தம் வேலை நேரத்தைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுப்பவர் எத்தனை பேர்?

எட்டு வயது நிரம்பு முன்னரே ஹெரோடோட்டஸ் முழுவதையும், பிளேட்டோவின் சம்பாஷணைகள் ஆறையும் சிறுவன் படித்துவிட்டான். அவ்வாறில் ஒன்று தனக்கு விளங்கியிருக்கவே முடியாது என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். காலைச் சிற்றுண்டிக்கு முன் தந்தையும் மகனும் நியூயிங்டன் கிரீன் பக்கத்துச் சாலைகளில் உலாவுவார்கள். முந்தின நாள் படித்த சரித்திரத்தைச் சிறு காகிதத் துண்டுகளில் குறித்து வைத்திருக்கும் பையன், அவற்றைப் பார்த்து நடந்துகொண்டே கதையாகச் சொல்ல வேண்டும். தானாக முயன்று தோற்ற பின்னரே தந்தையின் விளக்கம் கிடைக்கும். பதின்மூன்றாம் வயதில் பொருளாதார சாஸ்திரத்தையும் இவ்வாறே நடந்துகொண்டு கற்றான். தந்தை சொல்லியதை மறுநாள் எழுதிக் காட்டுவான். தெளிவாக அமையும்வரை திரும்பத் திரும்ப எழுதுவான். அக்குறிப்புகளைக் கொண்டே தந்தை 1821-ல் அச்சாஸ்திரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

மகனிடம் கர்வம் தலையெடாதபடி, பிறர் புகழ்ச்சி அவன் காதில் விழாமல் தந்தை காத்தார். தான் படிப்பில் பின்தங்கியவன் என்றே பையன் நினைத்திருந்தான். பிற பிள்ளைகளுடன் பழகினாலன்றோ உண்மை தெரியும்! விடுமுறை என்பதே அவ்வீட்டில் இல்லை. விளையாட்டுத் தோழர்களும் இல்லை.

எட்டாம் வயது முதல் மற்றொரு பாரமும் அவன் தலையில் ஏறிற்று. தான் கற்றதைத் தங்கை தம்பிகளுக்கு அவனே போதிக்க வேண்டும்; அவர்கள் பிழை செய்தால் அவனே பொறுப்பு. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை உத்தியோகம்தான் இது. சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி, நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை 1797-ல் ஒரு புஸ்தகமாக எழுதி இங்கிலாந்தில் பரப்பினார். அங்கே லங்காஸ்டர் என்பவரும் அத்தகைய முறையை நடத்தினார். லங்காஸ்டர் கட்சியை ஆதரித்தவர் ஜேம்ஸ் மில். 1817-ல், பெந்தாம் குடியிருந்த போர்ட் அபி மாளிகையில் மில் குடும்பமும் தங்கியிருந்தது. ஒரு பாடத்தில் நேர்ந்த ஒரே சொற்பிழைக்காகச் சிறுமியர் இருவருக்கும், அதைக் கவனியாது விட்ட ஜானுக்கும் சாப்பாடு நிறுத்தப்பட்டதை, விருந்தினராய் வந்திருந்த பிரான்சிஸ் பிளேஸ் தம் கடிதத்தில் எழுதி வைத்தார். பிறருக்குக் கற்பித்ததால் தன் கல்வி உறுதிப்பட்டது என்பதை ஜான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஏற்பாடு கற்பிக்கும் குழந்தைக்கும் கற்கும் குழந்தைக்கும் நல்லதன்று என்பதே அவருடைய முடிவு.

தந்தையின் இந்திய சரித்திரம் 1818-ன் தொடக்கத்தில் வெளிவந்தது. அச்சுப் பிழை பார்ப்பதில் பதினொரு வயதுப் பையனும் துணை செய்தான். பாடத்தில் சொல் ஒன்று பிசகினால் குழந்தைகளைப் பட்டினி போடும் இப்பண்டிதர், இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். இந்திய பாஷை ஒன்றையும் அறிந்தவரல்லர். அது தமக்கு ஒரு குறையன்று என்று முகவுரையிலேயே வாதித்தவர். நம் முன்னோர் நாகரிகத்தின் தாழ்ந்த படியில் நின்றதாக அந்நூலில் தீர்ப்பும் வழங்கினார். அந்நூலின் பலனாக 1819-ல் அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது. 1823-ல், பதினேழாம் வயதில், மகனும் அதே காரியாலயத்தில் தந்தையின் கீழ் அமர்ந்தார்.

1826-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இக்கல்விக் கோபுரம் ஆட்டங்கண்டது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் அனைத்தும் அக்கணமே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று அந்த இருபது வயது வாலிபர் தம்மையே வினவிக்கொண்டார். இல்லை என்று உள்ளம் விடை கூறிற்று. பல மாதங்கள் எதிலும் பற்றின்றி இயந்திரம்போல் வேலை செய்தார். துயரத்தைச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை; தந்தையோ கடைசியாகக்கூட நாடத் தகாதவராகத் தோன்றினார். எதையும் பகுத்துப் பகுத்துப் பார்க்கப் பழக்கிய கல்வி, உணர்ச்சியின் வேரையே அரித்துவிட்டதென்று அவர் கண்டார். பின்னர் ஒரு நாள் மார்மாண்டெல் என்ற பிரெஞ்சு ஆசிரியரின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கையில், தந்தையை இழந்த ஒரு சிறுவன் குடும்பத்துக்குத் தானே யாவுமாயிருக்க உறுதி கொள்ளும் இடத்தில் அவருக்குக் கண்ணீர் பெருகிற்று. தாம் மரக்கட்டையல்ல என்று அன்று அறிந்தார். 1828-ல் வேர்ட்ஸ்வர்த்தின் கவிதைகள் அவருடைய உள்ளத்தை மேலும் தேற்றின.

கம்பெனி உத்தியோகத்தில் 1858 வரை இருந்தார். இந்தியக் கல்வியில் ஆங்கிலத்துக்கே முதலிடம் அளித்த மெக்காலே கொள்கையைக் கண்டித்து 1836-ல் அவர் ஓர் உத்தரவின் நகல் தயாரித்தார். கீழ்நாட்டுக் கலைகளைப் புறக்கணிக்கலாகாது என்பது அவர் கட்சி. மேலதிகாரம் செலுத்திய மந்திரி ஹாப்ஹவுஸ் அதைத் தடுத்துவிட்டார். இது பாராட்டத் தக்கதே. ஆயினும் சுதந்திர நூலை எழுதிய அதே கை, அச்சுதந்திரத்துக்கு நம்மைப் போன்ற ஜனங்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்றும் எழுதிற்று. பதினொன்றாம் வயதில் பிழை திருத்திய பாடத்தை அவர் முழுவதும் மறக்கவில்லை போலும்!

பிள்ளைகள் தந்தையின் உடைமையல்லர் என்பதை அந்நூல் வற்புறுத்துகிறது. கல்வி அளிக்கத் தவறும் பெற்றோரைச் சர்க்கார் கட்டாயப்படுத்தலாம். ஆனால் கல்வி முழுவதையும் சர்க்காரே கைப்பற்றினால் ஜனங்கள் யாவரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். தந்தை ஒருவரே வார்க்கும் அச்சைப் பற்றி அவர் விஸ்தரித்தது சுயசரிதையில்தான். அது அவர் மறைந்த 1873-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சீட்டுகளும், காகிதத் துண்டுகளும், காலை உலாவும் அதில் அன்புடனும் நன்றியுடனும் வர்ணிக்கப்பட்டுள்ளன. ஒன்பது குழந்தைகளைப் பெற்று அவ்வீட்டைச் சுமந்த தாயார் ஹாரியட்டின் பெயர் அதில் அச்சாகவில்லை. முதல் கையெழுத்துப் பிரதியில் அவரைப் பற்றி எழுதிய சில வரிகளை மகனே பின்னர் அடித்துவிட்டார். அன்பு ததும்பும் ஒரு தாய் இருந்திருந்தால் தந்தையும் வேறு மனிதராயிருப்பார், குழந்தைகளும் அன்பு செய்து வளர்ந்திருப்பார்கள் என்பது அவ்வரிகளின் கருத்து. தம் சாப்பாட்டை நிறுத்திய தந்தையை மன்னித்தவர், தாயாருக்கு அந்த நியாயத்தை வழங்கவில்லை.