165-ஆம் பிரிவை எழுதியவர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். சிவில் பிராஞ்ச்காரன், பாலம் கட்டிய கதை எழுதுவான் என்றுதான் நண்பர்கள் நினைத்திருப்பீர்கள். நான் எழுதப்போவது ஓர் ஆங்கிலேய நீதிபதியைப் பற்றி. அவர் பெயரை நான் தேடிப்போகக் காரணம் ஒரு சாட்சிக் கூண்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டட வழக்கில் சாட்சி சொல்லப் போனேன். கான்கிரீட் க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருந்தது. இரண்டு வக்கீல்களும் ஒரு மணி நேரம் குடைந்தார்கள். பலம் எவ்வளவு, கோடு என்ன சொல்கிறது, எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன். இறங்கப்போகும் நேரத்தில் நீதிபதி நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த க்யூப்கள் அந்தக் கூரைக்குப் போட்ட கலவையில் செய்தவைதான் என்று எனக்கு நேரில் தெரியுமா? தெரியாது. சைட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து கொடுத்தான், நான் உடைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். அப்படியே சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். என்னை அழைத்த தரப்பு வக்கீலுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. வெளியே டீக்கடையில், அது 165-ஆம் பிரிவு சார், ஜட்ஜ் எதை வேணும்னாலும் கேட்கலாம், நாங்க வாயைத் திறக்க முடியாது என்று அலுத்துக்கொண்டார்.

யாரய்யா இப்படி ஒரு பிரிவை எழுதியவர் என்று தேடியபோது கிடைத்தவர்தான் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன்.

1829-ல் லண்டனில் பிறந்தவர். தம்பி லெஸ்லி ஸ்டீஃபன் பெரிய எழுத்தாளர். அந்தத் தம்பியின் மகள்தான் வர்ஜீனியா வூல்ஃப். ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். ஆனால் கேம்பிரிட்ஜில் பெரிதாகப் பெயர் வாங்கவில்லை, எதிர்பார்த்த ஸ்காலர்ஷிப்பும் கிடைக்கவில்லை. (அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க.) 1854-ல் பாரிஸ்டர் ஆனார். பல வருடங்கள் கோர்ட்டுக்குப் போவதும் பத்திரிகைகளுக்கு எழுதிக் குவிப்பதுமாகக் காலம் ஓடியது.

1869 கடைசியில் வைஸ்ராய் கவுன்சிலின் சட்ட உறுப்பினராக இந்தியா வந்தார். இருந்தது என்னவோ இரண்டரை வருடம்தான். அதற்குள் செய்த வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நம்மில் பலர் டெண்டர் விஷயமாகப் புரட்டியிருக்கும் ஒப்பந்தச் சட்டம் அவர் காலத்தில் நிறைவேறியது. சாட்சியச் சட்டம் அவரே உட்கார்ந்து வரைந்தது. 167 பிரிவுகள். 1872 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது.

இங்கிலாந்தில் அப்போது நீதிபதி ஏறக்குறைய ஒரு அம்பயர். இரண்டு பக்கமும் தேர்ந்த பாரிஸ்டர்கள் மோதுவார்கள், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தியாவின் மொஃபசல் கோர்ட்டுகளில் அந்த வசதி இல்லை என்பதை ஸ்டீஃபன் கண்டார். பல வழக்குகளில் வக்கீலே கிடையாது. இருந்தாலும் எதைக் கேட்பது என்று தெரியாத நிலை. நீதிபதி சும்மா இருந்தால் உண்மை குழியிலேயே கிடக்கும். ஆகவே எந்தச் சாட்சியையும், எந்த நேரத்திலும், எந்த விதத்திலும், வழக்குக்குச் சம்பந்தமில்லாததையும்கூடக் கேட்கலாம் என்று நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தார். கட்சிக்காரர்கள் ஆட்சேபிக்க முடியாது. அந்தப் பதிலின் மேல் குறுக்கு விசாரணை செய்யவும் கோர்ட்டின் அனுமதி வேண்டும். ஆனால் கூடவே ஒரு பூட்டும் போட்டார். கேள்வி எப்படியும் இருக்கலாம். தீர்ப்பு மட்டும் சம்பந்தமுள்ள, முறையாக நிரூபிக்கப்பட்ட விஷயங்களின் மேல்தான் நிற்க வேண்டும். எஞ்சினியர் பாஷையில் சொன்னால், மண்ணை எங்கே வேண்டுமானாலும் தோண்டிப் பார், அஸ்திவாரத்தைக் கெட்டித் தரையில் மட்டும் போடு.

இவரை நான் மகான் ஆக்கவில்லை. வெள்ளையர் ஆட்சி பலத்தால் நிற்பது, நிற்கவும் வேண்டும் என்று நம்பியவர். அது வேறு கதை.

1879-ல் இங்கிலாந்தில் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அங்கேயும் குற்றவியல் சட்டத்தைத் தொகுத்து ஒரு மசோதா தயாரித்தார்; நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. 1885-ல் பக்கவாதம் தாக்கியது. தேறி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

1889 ஆகஸ்டில் லிவர்பூலில் அவர் முன் வந்தது ஃப்ளாரன்ஸ் மேப்ரிக் வழக்கு. பஞ்சு வியாபாரியான கணவனுக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றாள் என்று குற்றச்சாட்டு. ஆர்சனிக்கை மருந்தாகச் சாப்பிடும் பழக்கம் அந்த மனிதருக்கே இருந்தது என்பது எதிர்வாதம். குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல அன்றைய சட்டத்தில் இடமில்லை. ஸ்டீஃபன் ஜூரிக்குத் தொகுத்துச் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். போகப்போக அந்தப் பெண்ணின் கள்ள உறவே பெரிதாகி, விஷம் யார் கொடுத்தது என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. தேதிகளிலும் விவரங்களிலும் தடுமாறினார் என்ற குறையும் எழுந்தது. ஜூரி ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. தூக்குத் தண்டனை. வெளியே நின்ற கூட்டம் நீதிபதியைப் பார்த்துக் கூச்சல் போட்டது. பிறகு தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது.

நோய்தான் காரணம் என்கிறார்கள் சிலர். இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. நீதிபதி கேள்வி கேட்டால் சாட்சி பதில் சொல்லலாம். எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. அபிப்பிராயத்தையே கேள்வி மாதிரியும் தொகுப்புரை மாதிரியும் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு யார் பதில் சொல்வது? தானே போட்ட பூட்டின் சாவியை லிவர்பூலில் அவர் தொலைத்துவிட்டார்.

1891-ல், மனம் தளர்ந்துவிட்டது என்ற பேச்சு பரவிய பின், பதவியை விட்டார். 1894-ல் காலமானார். அப்போது ஃப்ளாரன்ஸ் சிறையில்தான் இருந்தாள். 1904-ல் வெளியே வந்தாள். இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சட்டம் வந்தது 1907-ல்.

இந்தியாவிலும் இந்தச் சிக்கல் தீரவில்லை. சாட்சிகளைப் பொய்ச்சாட்சி வழக்குப் போடுவேன் என்று மிரட்டிய ஒரு செஷன்ஸ் நீதிபதியை 1981-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கேள்வி கேள், ஆனால் அரசு வக்கீலாக மாறாதே என்பது சாரம். 2024 ஜூலையில் பழைய சட்டம் போய்ப் புதியது வந்தது. அதில் இதே பிரிவு 168-ஆம் எண்ணில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

அந்தக் கட்டட வழக்கு இப்போது மேல்முறையீட்டில். என் வாக்குமூலத்தின் நகல் ஃபைலில் இருக்கிறது. பத்துப் பக்கம். கடைசி இரண்டு வரிதான் நீதிபதி கேட்டதும் நான் சொன்னதும்.