கூட்டாளிகளின் நடுவே ஒரு பள்ளிப் பையன்: அர்ச். தொமினிக் சாவியோ



பள்ளிக்கூடத்திலே உங்கள் பிள்ளைகளுக்குச் சோதனை எந்த உருவத்தில் வருகிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? பசாசு கொம்பும் வாலுமாய் வந்து நின்றால் நம் பிள்ளைகள் சிலுவை வரைந்து துரத்திவிடுவார்கள். ஞானோபதேச வகுப்பில் அவ்வளவாவது கற்றிருக்கிறார்கள். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுச்சோற்றில் பாதியைப் பகிர்ந்து, கணக்கு வராதபோது சொல்லியும் கொடுக்கிற சிநேகிதன் ஒருவன், வகுப்புக்கு மட்டம் போடவோ, கைப்பேசியில் கூடாத படத்தைப் பார்க்கவோ அழைக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். வர மறுத்தால் சிநேகம் போய்விடும்; கோழை என்று பட்டமும் கட்டுவார்கள். பதினான்கு வயதில் அது சின்ன நஷ்டமல்ல. பெரியவர்கள் பலர் அதைச் சின்ன விஷயமென்று எண்ணுவதுதான் பிசகு.

இந்தச் சங்கடத்தை நன்றாய் அனுபவித்தறிந்த பள்ளிப் பையன் ஒருவன் இன்று பீடத்தில் இருக்கிறான். பீடத்தில் இருப்பவரை அவன் என்று எழுதுகிறேனே என்று கோபிக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல ஒரு பையனாகவே அவனை நீங்கள் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

1842-ம் ஆண்டு ஏப்ரல் 2-ம் தேதி, இத்தாலியின் வடபகுதியான பியட்மாண்ட் நாட்டில், கியேரி பட்டணத்தை அடுத்த ரீவா என்ற ஊரில் தொமினிக் சாவியோ பிறந்தான். தகப்பன் கார்லோ கொல்லுப்பட்டறை வேலை செய்பவர். தாய் பிரிஜிதா துணி தைப்பவர். நிலபுலன் இல்லாத குடும்பம்; வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் குடி மாறினார்கள். அக்காலத்தில் 11, 12 வயதுக்கு முன் புதுநன்மை கொடுக்கும் வழக்கமில்லை. தொமினிக்கின் அறிவையும் ஆசையையும் கண்ட பங்குச் சாமியார், 1849-ம் ஆண்டு ஏப்ரல் 8-ம் தேதி பாஸ்குத் திருநாளில், 7 வயதிலேயே அவனுக்கு நன்மை கொடுத்தார். அன்று அவன் நான்கு பிரதிக்கினைகளை எழுதி வைத்துக்கொண்டான். அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்குவது, கடன் திருநாட்களை அனுசரிப்பது, சேசுவையும் மரியாயையும் தன் சிநேகிதராகக் கொள்வது, பாவஞ் செய்வதைவிடச் சாவதே மேலென்று நினைப்பது. சிறு பையனுக்கு இது மிகப் பெரிய வார்த்தை என்று தோன்றலாம். இதற்கு அவன் என்ன விலை கொடுத்தான் என்பதைப் பாருங்கள்.

10 வயதில் காஸ்தல்நுவோவோ பள்ளிக்குப் போகத் தொடங்கினான். காலையிலும் மத்தியானத்திலும் போய்த் திரும்ப, நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடை. கோடைகாலத்தில் அவ்வழியாய்ப் போகும் பையன்கள் ஆற்றில் இறங்கிக் குளிப்பது வழக்கம். குளிப்பதிலே என்ன பாவம் என்று கேட்பீர்கள். குளிப்பது பாவமல்ல. நீரில் முழுகிச் சாகும் அபாயம் ஒருபுறம் இருக்க, அங்கே நடந்த பேச்சும் விளையாட்டும் பிள்ளைகளுக்கு அடாதவையாய் இருந்தன. தொமினிக் ஒருநாள் அவர்களோடு போனான். பிறகு அது தகாதென்று அறிந்து அழுதான். மறுபடியும் சூட்டிகையான இரண்டு பையன்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். களைப்புத் தீரும், உடம்புக்கு நல்லது, எல்லோரும் போகிறார்கள் என்றெல்லாம் காரணம் அடுக்கினார்கள். அவன் தன் தாயிடம் கேட்டு வருவதாய்ச் சொன்னான். அவ்வளவுதான், அவர்கள் பதறிப்போனார்கள். வீட்டில் மூச்சுவிடக் கூடாதென்றார்கள். விஷயம் தெரிந்தால் தங்கள் தகப்பன்மார் தங்களை அடி பின்னிவிடுவார்கள் என்று பயந்தார்கள். தாயிடம் சொல்லத்தகாத காரியமானால் அது நல்ல காரியமாயிராது என்று தொமினிக் நிச்சயித்துக்கொண்டான். அதன்பின் அவன் ஆற்றுக்குப் போகவில்லை.

பின்னாளில் அவனுடைய ஜீவிய சரித்திரத்தை எழுதிய தொன் போஸ்கோ சாமியார், முதற்பதிப்பில் அவன் மறுத்ததை மட்டும் எழுதியிருந்தார். அவனோடு ஆற்றுக்குப் போயிருந்த பழைய கூட்டாளி ஒருவன் அது சரியல்லவென்று ஆட்சேபித்தான். சாமியார் விசாரித்து, அடுத்த பதிப்பில் அவன் ஒருதரம் போனதையும் சேர்த்தார். அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்களில் இப்படிப்பட்ட திருத்தத்தை நான் அதிகம் கண்டதில்லை. பிள்ளைகளுக்கு இந்த முதல் தரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோரே, இந்தச் சம்பவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆற்றங்கரையில் நின்ற எல்லாப் பையன்களுக்கும் தாய் தகப்பன் இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டை நினைத்தபோது நினைவுக்கு வந்தது பிரம்பு. தொமினிக்குக்கு நினைவுக்கு வந்தது, போய்க் கேட்கலாம் என்பது. வீட்டில் சொல்லலாமா என்ற உரைகல் எத்தனை நல்லதானாலும், வாய் திறந்தவுடன் கன்னத்தில் அறை விழும் வீட்டுப் பிள்ளைக்கு அது பயன்படாது. அவன் சோதனையை மறைப்பான். பிறகு பாவத்தையும் மறைப்பான். இரவில் ஜெபமாலை முடிந்தபின் பத்து நிமிஷம் பிள்ளையின் பேச்சைக் கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா?

1853-ல் குடும்பம் மொந்தோனியோவுக்குக் குடிபோயிற்று. அங்கே குலியேரோ சாமியாரின் பள்ளியில், பள்ளியைவிட்டு நீக்கத்தக்க பெரிய குறும்பு ஒன்றைச் சில பையன்கள் செய்துவிட்டார்கள். கணப்படுப்பில் பனியையும் கல்லையும் அடைத்தார்கள் என்று பிற்காலத்தார் சொல்லுகிறார்கள். செய்தவர்கள் கூசாமல் பழியைத் தொமினிக்கின்மேல் போட்டார்கள். எல்லார் முன்னிலும் சாமியார் அவனைக் கடிந்துகொண்டார். முதல் தடவையானபடியால் நீக்காமல் விடுவதாகவும் சொன்னார். அவன் தலைகுனிந்து நின்றானேயன்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் உண்மை வெளிப்பட்டது. ஏன் பேசவில்லை என்று சாமியார் கேட்டபோது, குற்றஞ் செய்தவன் ஏற்கனவே அகப்பட்டவன், இம்முறை தெரிந்தால் நீக்கப்படுவான் என்று எண்ணியதையும், அநியாயமாய்க் குற்றஞ் சாட்டப்பட்ட நமதாண்டவரை நினைத்துக்கொண்டதையும் தெரிவித்தான்.

இவ்விடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. தொமினிக் மெளனமாய்ச் சுமந்தது தன்மேல் விழுந்த ஒரு திட்டை. உங்களை ஒருவன் அடித்து வதைத்தாலும், தொடத்தகாத விதமாய்த் தொட்டாலும், புகையிலை, போதைப் பொருள் போன்றவற்றைத் தின்னச் சொல்லி மிரட்டினாலும், மெளனம் புண்ணியமல்ல. அதே நிமிஷத்தில் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லவேண்டும். மிரட்டுகிறவன் வயதில் எவ்வளவு பெரியவனாயிருந்தாலும், எந்த அங்கி தரித்திருந்தாலும் சொல்லவேண்டும்.

1854-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, தொன் போஸ்கோவின் சொந்த ஊராகிய பெக்கியில், தகப்பனோடு வந்து அவரைச் சந்தித்தான். புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி மறுநாள் ஒப்புவிக்கும்படி சாமியார் சொல்ல, பத்து நிமிஷத்துக்குள் மனப்பாடமாய் ஒப்புவித்துவிட்டான். அம்மாதக் கடைசியில் தூரின் நகரத்தில் வால்தொக்கோ பகுதியிலிருந்த அவருடைய பிள்ளைகள் விடுதியில் சேர்ந்தான். மேல் வகுப்புகள் அப்போது விடுதிக்குள் இல்லாதபடியால், பட்டணத்துக்குள் பொன்சானினோ என்ற ஆசிரியரின் வீட்டுக்கு நடந்துபோய்ப் படிக்கவேண்டியிருந்தது. நாட்டுப்புற ஆற்றங்கரை போய்ப் பட்டணத்துக் கடைத்தெரு வந்தது. சோதனை மட்டும் அதேதான்.

ஒருநாள் கூட்டாளிகள் வகுப்புக்கு மட்டம் போட்டு ஊர் சுற்ற அழைத்தார்கள். முதலில் மறுத்தான். அவர்கள் விடாமல் நச்சரிக்கவே இணங்கிவிட்டான். ஆம், இணங்கிக் கொஞ்ச தூரம் போயும்விட்டான். ஆனால் பாதி வழியில் மனச்சாட்சி உறுத்த, நின்று, தான் தப்புச் செய்துவிட்டதாகவும் திரும்பப் போவதாகவும் சொன்னான். தன்னோடு அவர்களையும் திரும்பும்படி அழைத்தான். அவர்களும் திரும்பினார்கள். ஒருமுறை இணங்கிவிட்டோமே, இனி என்ன முகத்தோடு பின்வாங்குவது என்று நம் பிள்ளைகள் நினைத்து நினைத்தே முழுத்தூரமும் போய்விடுகிறார்கள். முதலிலேயே மறுப்பதைவிடப் பாதி வழியில் திரும்புவது கடினம் என்பது என் அபிப்பிராயம்.

மற்றொருநாள், ஒரு பையன் ஆபாசமும் வேத நிந்தையுமான படங்கள் நிறைந்த பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்தான். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். தொமினிக் எட்டிப் பார்த்தான், வாங்கினான், துண்டு துண்டாய்க் கிழித்துப் போட்டான். வெறும் வேடிக்கைக்காகப் பார்த்ததாய் ஒருவன் சமாதானம் சொல்ல, அந்த வேடிக்கை நரகத்துக்குப் போகிற ஆயத்தமல்லவா என்று அவன் கண்டிப்பாய்க் கேட்டான். பிறகு ஒருவரும் பேசவில்லை. இன்று காகிதம் இல்லை, கிழிக்க முடியாது. குழுவிலிருந்து விலகி, வந்ததை மற்றவனுக்கு அனுப்பாமல் அழித்துவிடுவது இன்றைய கிழித்தல்.

அவன் செய்தவற்றில் மிகவும் பேசப்படுவது கல்லெறிச் சண்டை. அவனைவிடப் பெரிய இரண்டு மாணாக்கர், ஒருவன் குடும்பத்தை மற்றவன் இகழ்ந்ததால் பகைத்து, ஆளுக்கு ஐந்து கல் எடுத்து எறிந்து தீர்த்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். தொமினிக் புத்தி சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. முடிவாகத் தான் தடுப்பதில்லையென்றும், ஆனால் தன் நிபந்தனை ஒன்றுக்கு உடன்பட வேண்டுமென்றும் கேட்டு, அவர்களோடு மைதானத்துக்குப் போனான். கல்லை எடுத்தபோது நடுவில் போய் நின்று, கழுத்திலிருந்த சிறு பாடுபட்ட சுரூபத்தை உயர்த்திக் காட்டினான். குற்றமற்ற கிறீஸ்துநாதர் தம்மைக் கொன்றவர்களை மன்னித்தார், தானோ பழிவாங்கப் போவதாக அறிக்கையிட்டு, முதல் கல்லைத் தன்மேல் எறியும்படி ஒவ்வொருவனையும் கேட்டான். இருவர் கையும் தாழ்ந்தது. பாவசங்கீர்த்தனம் செய்வதாகவும் வாக்குக் கொடுத்தார்கள். தொமினிக் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவ்விருவரே பிறகு வெளியிட்டார்கள்.

இப்படிப்பட்ட பையன் மூலையில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டே இருந்திருப்பான் என்று எண்ணாதீர்கள். ஒருகாலத்தில் அவனுக்கே அந்த எண்ணம் இருந்தது. அர்ச்சியசிஷ்டவனாக வேண்டும் என்ற பிரசங்கத்தைக் கேட்டு, முகம் வாடி விளையாட்டைவிட்டு ஒதுங்கினான். குளிர்காலத்தில் மெல்லிய போர்வையோடு படுத்தான். தொன் போஸ்கோ அதைத் தடுத்தார். கடும் தபசுகளை விலக்கி, சந்தோஷமாயிருப்பதையும், படிப்பு ஜெபம் ஆகிய கடமைகளைச் செய்வதையும், கூட்டாளிகளோடு விளையாடி அவர்களுக்கு நன்மை செய்வதையும் கட்டளையாகக் கொடுத்தார். அதன்பின் விளையாட்டு முற்றமே அவனுடைய வேலைத்தலமாயிற்று. தோர்த்தோனாவிலிருந்து நோயோடு புதிதாய் வந்து, ஒருவரையும் அறியாமல் தூணோரமாய் நின்ற காமில்லோ காவியோ என்ற பையனைத் தேடிப்போய்ப் பேசிச் சிநேகமாக்கிக்கொண்டவன் இவன்தான். காவியோ சீக்கிரமே இறந்தான். ஆனால் தனியனாய் இறக்கவில்லை.

தனியாய் எதிர்நிற்பது கஷ்டம் என்பதை அவன் அறிந்திருந்தான். 1856-ம் ஆண்டு ஜூன் 8-ம் தேதி, தோழர் சிலரோடு தேவமாதாவின் பீடத்தின்முன் நின்று அமலோற்பவ மாதா சபையைத் தொடங்கினான். ஒழுங்குகள் 21. நேரத்தை வீணாக்காமல் இருப்பது, ஒருவரையொருவர் அன்போடு திருத்துவது முதலியவை அவற்றில் உண்டு. விடுதியிலே அடங்காத பையன்களையும், புதிதாய் வந்து திகைத்து நிற்பவர்களையும் ஆளுக்கொருவராய் இவர்கள் பொறுப்பேற்றார்கள். கெட்ட கூட்டாளிகள் கூட்டமாய் வந்தால் நல்லவர்களும் கூட்டமாய் இருக்கவேண்டும் என்ற யோசனை ஒரு பதினான்கு வயதுப் பையனுக்குத் தோன்றியது. நம் பங்கிலும் இளைஞர் கூட்டம் ஞாயிறுதோறும் கூடுகிறது. உங்கள் பிள்ளையை அனுப்புகிறீர்களா, அல்லது அந்த நேரத்துக்கே டியூஷன் வைக்கிறீர்களா?

அவனுடைய சரீரம் தாங்கவில்லை. இருமலும் காய்ச்சலும் கண்டு, 1857-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதி வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அக்கால வழக்கப்படி வைத்தியர் நான்கு நாளில் பத்துத்தரம் இரத்தம் எடுத்தார். மார்ச் 9-ம் தேதி மாலை, தகப்பன் பக்கத்தில் அமர்ந்து நன்மரண ஜெபத்தை வாசிக்க, அமைதியாய் உயிர்விட்டான். 15 வயது நிறைய 24 நாள் மீதியிருந்தது. 1954-ம் ஆண்டு ஜூன் 12-ம் தேதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவனுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

அந்தச் சிறு சபையின் பையன்கள் கலைந்துபோகவில்லை. 1859 டிசம்பர் 18-ம் தேதி தொன் போஸ்கோ சலேசிய சபையைத் தொடங்கியபோது அவரோடு நின்றவர்களில் பலர் அவர்களே. அவர்களில் ஜுவான்னி காலியேரோ பிற்பாடு கர்தினால் ஆனார். மிக்கேல் ரூவா தொன் போஸ்கோவுக்குப்பின் சபைத் தலைவரானார். தொமினிக்கோடு பீடத்தின்முன் நின்ற அந்த ரூவா சாமியார்தான், மயிலாப்பூர் மேற்றிராணியாரின் அழைப்புக்கு இணங்கி, 1906-ம் ஆண்டு ஜனவரியில் சலேசிய குருக்களை முதன்முதலாய் நம் தஞ்சாவூருக்கு அனுப்பிவைத்தார்.